தலைவிதிக்கு ஒரு வெள்ளைக் கோட்டு

டாக்டர் கோவூர் 1928இல் கேரளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிப்பிக்க வந்தவர். 1978இல் கொழும்பில் கண்மூடும்வரை இந்தத் தீவின் பேய்களுக்கு அவரைப்போல ஒரு எதிரி வாய்க்கவில்லை. அற்புதத்தைச் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். காசு கடைசிவரை அவரிடமே இருந்தது. கல் விழுகிற வீடு, தானாகப் பற்றி எரியும் துணி, வேறு குரலில் பேசும் பெண் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். அவர் புகழ் பாடும் பகுத்தறிவாளர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். ‘பேய் இல்லை’ என்பது சுலபமான பாதி. கோவூர் அதற்குப் பிறகும் எழும்ப மாட்டார். வீட்டிலுள்ளவர்களைத் தனித்தனியாக இருத்தி விசாரிப்பார். கல்லை எறிந்தது மனிதக் கையாகத்தான் இருக்கும். பல தடவை, அந்த வீட்டில் வாய்திறக்க வழியில்லாத ஒருவரின் கை.

அந்த இரண்டாவது பாதியை இன்றைய உளவளத்துணை கைவிட்டுவிட்டது என்பதே என் குற்றச்சாட்டு. பேயைத் துரத்திவிட்டு அந்த இடத்தில் ‘மனஅழுத்தம்’ என்று எழுதிவைத்தால் அறிவியல் வந்துவிட்டதாக ஆகாது. காரணம் கேட்கப்படவில்லை என்றால் பழைய இருட்டுத்தான், மின்விசிறிக்குக் கீழே.

திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் ஒரு தாய் கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் ஒரு படிவம் இருக்கிறது. பி.எச்.கியூ. 9 என்று உலகமெங்கும் ஓடுகிற ஒன்பது கேள்வி. நித்திரை, பசி, களைப்பு, எதிலும் நாட்டமின்மை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27.

“அம்மா, போன ரெண்டு கிழமையா நித்திரை குறைவோ?”

“எந்த ரெண்டு கிழமை மகன்? தொண்ணூறாம் ஆண்டில இருந்து இல்லை.”

தொண்ணூறாம் ஆண்டுக்குப் படிவத்தில் பெட்டி கிடையாது. 3 என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதான். பிள்ளையைக் கொண்டுபோனது யார், காணி யார் கையில் இருக்கிறது, கிழமைக் கடன் எவ்வளவு என்று அந்த ஒன்பதில் ஒன்றும் கேட்காது. படிவத்தைத் திட்டிப் பயனில்லை. வெப்பமானி காய்ச்சலைத்தான் சொல்லும், நுளம்பு எந்தக் கிடங்கில் பெருகியது என்று சொல்லாது. வெப்பமானியைப் பார்த்துவிட்டுக் கிடங்கைப் பாராமல் வீட்டுக்குப் போகிற வைத்தியரைத்தான் திட்டவேண்டும்.

சாத்திரி சொல்வார்: “விதி அம்மா, போன பிறப்பின் பலன்.” உளவளத்துணையாளர் சொல்வார்: “நடந்ததை ஏற்றுக்கொள்ளப் பழகுங்கோ.” சாத்திரியாவது சில நேரம், பிள்ளை மேற்குத் திசையில் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு பொய்யைத் தந்து அனுப்புவார். மற்றவர் அதையும் தருவதில்லை. இரண்டு பேச்சிலும் செய்தவன் இல்லை. தலைவிதிக் கொள்கையின் உயிரே அதுதான்: துன்பம் இருக்கும், துன்பப்படுத்தியவன் இருக்க மாட்டான்.

இந்த ஊரில் செய்தவனை மறப்பது அவ்வளவு சுலபமும் இல்லை. 1998 பெப்ரவரி 1ஆம் திகதி தம்பலகாமத்தில் எட்டுத் தமிழர்கள் பொலிசாராலும் ஊர்காவற்படையினராலும் கொல்லப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து நாடு சுதந்திரப் பொன்விழாக் கொண்டாடியது. அதே மாவட்டத்தின் குமாரபுரத்தில் 1996 பெப்ரவரி 11இல் இருபதுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரும் 2016இல் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். 2006 ஜனவரி 2இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் விசேட அதிரடிப்படையினர் உட்படப் பதின்மூன்று பேர் 2019இல் விடுதலை, சாட்சியம் போதாதாம்.

இதெல்லாம் வரலாறு, சிகிச்சை அறைக்குள் எதற்கு என்று கேட்கலாம். சிகிச்சையின் தர்க்கத்தையே எடுத்துப் பார்ப்போம். இன்று அதிகம் பேசப்படும் உளச்சிகிச்சை முறை, மனதை வாட்டும் எண்ணத்தைப் பிடித்து ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்கச் சொல்கிறது. பகுத்தறிவாளனுக்கு இதைவிட இனிப்பான கேள்வி உண்டா? சரி, கேளுங்கள். ‘என்னை யாரோ கவனிக்கினம்’ என்று அந்தத் தாய் சொல்கிறார். காணாமல் ஆக்கப்பட்டோருக்கான போராட்டத்துக்குப் போய்வந்த குடும்பங்களின் வீட்டுக்குப் புலனாய்வுக்காரர் வந்து பெயர் விசாரித்துப் போவது வடக்குக் கிழக்கில் யாருக்கும் புதினமில்லை. ‘நீதி கிடைக்காது’ என்கிறார். மேலே உள்ள பந்தியைப் படியுங்கள். அவர் எண்ணத்துக்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற சிகிச்சையாளரின் எண்ணத்துக்குத்தான் ஆதாரம் தேடவேண்டும். ஆதாரம் பார்க்கிற முறையைப் பாதி வழியில் விட்டுவிட்டு, அவருடைய அச்சத்தை ‘எண்ணக் கோளாறு’ என்று பதிவது அறிவியலின் பெயரால் நடக்கும் மூடநம்பிக்கை.

2022இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் தன் கைநூலில் ‘நீடித்த துயர்’ என்று ஒரு நோயைச் சேர்த்தது. நெருங்கியவர் இறந்து 12 மாதம் கடந்தும் வயதுவந்தவருக்குத் துயர் இளகவில்லை என்றால் அது நோயாகலாம். எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது? இறப்பே பதியப்படாதவருக்கு அந்தக் கணக்கு தொடங்குவதேயில்லை. 2016க்குப் பிறகு ‘இறந்தார்’ என்று எழுதாமல் ‘காணவில்லை’ என்று மட்டும் எழுதிய சான்றிதழ் எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதையும் வேண்டாமென்று மறுக்கிற தாய்மார் இருக்கிறார்கள். கைநூலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு ‘மறுப்பு மனநிலை’ என்று பட்டம் கட்டலாம். எனக்கோ, ஆதாரமில்லாத ஒரு முடிவில் கையெழுத்து வைக்க மறுக்கும் நேர்மையான பகுத்தறிவாகவே அது படுகிறது.

இவ்விடத்தில் ஊர்க்கதை ஒன்று. தம்பலகாமத்து ஆதிகோணேசரும் இடம்பெயர்ந்து வந்தவர்தான். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தபோது அடியார்கள் மறைத்துக் கொண்டுவந்த மூர்த்தியை இங்கே வைத்ததாக ஐதீகம். கடவுளை நான் நம்புவதில்லை. ஊர் நடந்துகொண்ட விதத்தை நம்புகிறேன். வீடிழந்து வந்தவருக்கு மூச்சுப் பயிற்சியா சொல்லிக் கொடுத்தார்கள்? வீடு கட்டினார்கள், வயல் எழுதி வைத்தார்கள். கல்லுக்குத் தோன்றிய நியாயம் மனிதருக்கு வரும்போது ஏன் மறந்துபோகிறது?

மனம் தன்னந்தனியாக மனத்துக்குள்ளேயே குணமாகும் என்ற நம்பிக்கைக்கு எதிரான வலுவான சாட்சி இந்த நாட்டின் வயல்களில் இருக்கிறது. 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலை செய்தார்கள். உலகின் உச்சங்களில் ஒன்று. பத்து ஆண்டில் அது ஏறக்குறையப் பாதியாகியது. அந்தப் பத்தாண்டில் முந்திய பத்தாண்டைவிடச் சுமார் 20,000 தற்கொலைகள் குறைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கவிஞரும் சாமியாரும் மனநல வைத்தியரும் உரிமை கோரக்கூடிய வெற்றி இல்லை அது. 1995இல் மிகக் கொடிய பூச்சிநாசினிகளும் 1998இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டன. மருந்தைக் குடிக்கிற ஆத்திரம் அப்படியே இருந்தது, குடித்தவர்களில் கூடுதலானோர் பிழைத்தார்கள். போரும் வறுமையும் வீட்டுச் சண்டையும் ஒழியாத காலத்தில், இந்தத் தடைகள் ஆயிரக்கணக்கானவரை உயிரோடு வைத்தன. தம்பலகாமம் போன்ற நெல்வயல் ஊரில், வீட்டு மூலையில் என்ன போத்தல் இருக்கிறது என்று கேட்காத சிகிச்சையாளர் தன் தொழிலின் முதல் கேள்வியைக் கேட்கவில்லை.

கடனும் அப்படித்தான். போருக்குப் பின் நுண்கடன் கம்பனிகள் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்றன. குழுவாகக் கையெழுத்து வைத்த பெண்களில் ஒருத்தி தவறினால் மற்றவர்களே அவளை நெருக்கினார்கள். அரசே 2018இல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான கடன்களை நீக்க முன்வரும் நிலை வந்தது. திங்கட்கிழமை காலை நெஞ்சு படபடக்கிறது என்கிற பெண்ணிடம், கடன்காரர் வரும் நாள் எது என்று முதலில் கேட்கவேண்டும்.

இப்போது என் பக்கத்தவர்களுக்கும் இரண்டு வார்த்தை. எல்லா நோயையும் அரசியலாக்குவது வேறொரு சோம்பல். குரல் கேட்கிறவருக்கு மருந்து வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை குளிசையை நிறுத்திவைக்க முடியாது. நித்திரை கேட்டு வந்தவரைப் போராட்டப் பந்தலுக்கு ஆள் சேர்ப்பதும் ஒருவகைச் சுரண்டல்தான். போராடுவதா, மறப்பதா, இரண்டும் இல்லாமல் தையல் மெசின் வாங்குவதா என்பதை அவரே முடிவெடுக்கட்டும்.

இன்னொன்று கசக்கும். இதே பிரதேசத்தில் ஊர்காவற்படையில் இருந்து செத்தவனின் சிங்கள மனைவியும் இருப்பாள், பலதடவை இடம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பமும் இருக்கும். அவர்கள் கதிரையில் வந்து உட்காரும்போது நம் சமூகநீதி உணர்வு நாற்காலியை விட்டு எழும்பிப் போகுமானால் அதற்கு இனப்பற்று என்றுதான் பெயர். புருசனின் அடி தாங்காமல் வந்த தமிழ்ப் பெண்ணிடம் “அனுசரிச்சுப் போங்கோ பிள்ளை” என்கிற தமிழ் உளவளத்துணையாளரையும், சாதி கேட்டுக் குரலைத் தாழ்த்துகிறவரையும் எந்தச் சிங்கள அரசும் அனுப்பிவைக்கவில்லை.

புதிதாக எதையும் நான் சொல்லிவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் போன்ற மனநல வைத்தியர்கள், இங்கே காயப்பட்டது தனிமனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்துதான் என்று நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். ஐ.நா. அமைப்புகளும் உதவி நிறுவனங்களும் கூடி 2007இல் வெளியிட்ட வழிகாட்டியும் பாதுகாப்பையும் அடிப்படைத் தேவைகளையும் அத்திவாரத்தில் வைத்து, சிறப்புச் சிகிச்சையை உச்சியில் சிறு முனையாகத்தான் வரைந்தது. அரசுக்கும் விளங்கியிருந்தது. 2009க்குப் பிறகு வன்னியில் வீதி போடவும் கட்டடம் கட்டவும் அனுமதி கொடுத்த ஜனாதிபதி செயலணி, உளவளத்துணைத் திட்டங்களுக்குக் கதவைச் சாத்தியது. ஒருவர் அழுவதை மற்றவர் உட்கார்ந்து கேட்பதில் என்ன ஆபத்து இருக்கிறது என்பது மறித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆகவே கேள்வி அறிவைப் பற்றியதாக இல்லை, சம்பளத்தைப் பற்றியதாக இருக்கிறது. பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை அலுவலர் அரச ஊழியர். தொண்டு நிறுவனத்தவர் என்றால் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருப்பவர். ‘காரணம்’ என்ற இடத்தில் அவர் காணியையும் கடனையும் பொலிசையும் எழுதினால், மாத முடிவில் அந்தக் கோப்பு எந்த மேசைக்குப் போகும், அங்கே இருப்பவர் யார்?