திடம் என்னும் புண்ணியமும் ஒரு சிறுவனின் தலையும்

2014ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில், அமெரிக்க நாட்டின் ஒகையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாகப் பணியாற்றும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அங்கே வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஊர் முழுவதும் பள்ளி மைதானத்தில்தான் இருக்கும். திருவிழாவுக்குக் கூடுவது போலக் குழந்தை குட்டிகளோடு வந்து அமர்ந்துவிடுவார்கள். நம்மையும் அழைத்துச் சென்றார்கள். ஆட்டம் நமக்குப் புரியவில்லை, ஆரவாரம் புரிந்தது.

பெயர்தான் கால்பந்து, காலுக்கு அதில் வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, நூறு கஜ நீளக் களத்தில், நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜமேனும் முன்னேற வேண்டும். பக்கத்துக்குப் பதினொருவர். ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் நொடியிலேயே முன்வரிசையினர் எதிரெதிராகப் பாய்ந்து மோதுகின்றனர். பந்தோடு ஓடுபவனை உடலால் இடித்து வீழ்த்துவது குற்றமன்று, அதுவே ஆட்டம்.

அப்படி ஒரு வெள்ளியன்று நம் பங்கைச் சேர்ந்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் மோதி விழுந்தான். எழுந்தபோது கால்கள் தள்ளாடின. ஓரத்தில் நின்ற பயிற்சியாளரை நோக்கி, ஒன்றுமில்லை என்று கையசைத்துவிட்டு வரிசையில் போய் நின்றுகொண்டான். அவன் அணி வென்றது. ஞாயிறு மறையுரையில், ஓட்டப் பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமையாக்கிய பவுலடியாரைப் பற்றிப் பேசிய நாம், அந்தப் பையனையும் அவரோடு சேர்த்துக்கொண்டோம். திடம் என்றால் இதுவன்றோ என்றோம். பெயரைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இருக்கைகளில் பலரும் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தனர்.

திருப்பலி முடிந்து வாசலில் நின்றிருந்தபோது அவன் தாய் எல்லாருக்கும் பின்னால் வந்தார். கையில் மடித்த தாள் ஒன்று. தலையில் அடிபட்டால் தோன்றும் அறிகுறிகளை வரிசையாக அச்சிட்டு, பெற்றோரும் பிள்ளையும் படித்துக் கையொப்பமிட வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் 2013 முதல் கட்டாயமாக்கிய தாள் அது. "பாதர், இதில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவனும் போட்டிருக்கிறான். நேற்று முழுவதும் இருட்டறையில் கிடந்தான். விளக்கைப் பார்த்தால் வாந்தி வருகிறது. இன்று நீங்கள் அவனைப் புகழ்ந்தீர்கள். அடுத்த முறை அவன் இந்தத் தாள் சொல்வதைக் கேட்பானா, நீங்கள் சொன்னதைக் கேட்பானா?" என்றார். சினம் இல்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். நம்மிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அந்தத் தாய்க்கு நாம் பட்ட கடன்.

இக்கேள்வி அந்நாட்டுக்குப் புதிதன்று. 1905ஆம் ஆண்டு ஆட்டப் பருவத்தில் குறைந்தது 18 பேர் களத்தில் பட்ட அடியால் மாண்டனர். அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவர் மென்மையை விரும்பியவரல்லர். முரட்டு ஆட்டங்கள் ஆண்மையை வளர்க்கும் என்று நம்பியவர். அவருடைய மகனே அவ்வாண்டு ஹார்வர்டில் ஆடி மூக்குடைபட்டான். அவர் வேண்டியது ஆட்டம் நிற்க வேண்டும் என்பதன்று, நேர்மையாக ஆடப்பட வேண்டும் என்பதே. மறு ஆண்டு விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறியலாம் என்றாயிற்று. கும்பலாகத் திரண்டு இடிப்பது குறைந்தது. ஆட்டம் அழியவில்லை, இன்னும் அழகாயிற்று என்பர் அறிந்தோர்.

பின்பு கவசம் வந்தது. தோல் தொப்பி போய்க் கெட்டியான பிளாஸ்டிக் ஹெல்மெட்டும் முகக் கம்பியும் 1950களில் பரவின. மண்டையோடு உடைவது குறையத்தான் செய்தது. ஆனால் காப்பதற்குத் தந்ததை மனிதன் தாக்குவதற்குக் கொண்டான். தலை பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணத்தில் தலையையே முன்னால் நீட்டி இடிக்கப் பயிற்சியாளர்கள் கற்றுக் கொடுத்தனர். 1968ஆம் ஆண்டில் மட்டும் 36 பேர் ஆட்டத்தில் நேரடியாகப் பட்ட அடியால் இறந்தனர். 1976இல் பள்ளிகளும் கல்லூரிகளும் தலையால் முட்டுவதைத் தடை செய்தன. எண்ணிக்கை சரிந்தது; 1990இல் அவ்வகைச் சாவு ஒன்றுகூட இல்லை. கவசம் செய்யாததை ஒரு விதி செய்தது.

ஆயினும் சாவை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்று தெரியவில்லை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் நடு ஆட்டக்காரர் மைக் வெப்ஸ்டர், நான்கு முறை சூப்பர் பௌல் வென்றவர், 17 பருவங்கள் ஆடியவர். ஓய்வுக்குப் பின் நினைவு தடுமாறி, உறக்கமின்றி, தம் வண்டியிலேயே படுத்துக் கிடந்த நாள்களும் உண்டு. 2002 செப்டம்பரில் 50 வயதில் இறந்தார். அவருடைய உடலைப் பரிசோதித்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த பெனட் ஒமாலு என்னும் கத்தோலிக்க மருத்துவர். கால்பந்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. அது நல்லதாயிற்று என்றே நமக்குத் தோன்றுகிறது. பார்வைக்கு நலமாகத் தெரிந்த அந்த மூளையைத் தம் சொந்தச் செலவில் மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தார். மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால் மூளை மெல்லச் சிதைந்து போகும் நோய் அது, சி.டி.ஈ. என்று சுருக்கமாக வழங்குகிறது. குத்துச்சண்டைக்காரரிடம் இத்தகைய சீர்கேடு உண்டு என 1928இலேயே எழுதப்பட்டிருந்தது. கால்பந்துக்காரரிடம் கண்டதாக ஒமாலு 2005இல் வெளியிட்டபோது, தேசியக் கால்பந்து லீக்கின் மருத்துவக் குழுவினர் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஆட்டத்துக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டென்று லீக்கின் உயர் அலுவலர் ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016இல்தான்.

2017இல் வெளியான ஆய்வொன்றில் லீக்கில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110இல் இந்நோய் காணப்பட்டது. இதைக் கேட்டதும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நோய் இருக்குமோ என அஞ்சிய குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானமாக ஈந்தன. இறந்த பின்னரே இதை உறுதியாக அறிய முடியும் என்பதால், ஆடியவர்களில் எத்தனை பேருக்கு உண்டு என்று யாராலும் கணக்கிட முடிவதில்லை. அச்சத்தைப் பெருக்கிக் காட்டுவதும் ஒருவகைப் பொய்யே.

நம் கேள்விக்கு வருவோம். முழங்கால் பிசகினால் வலி அறிவிக்கிறது; வலியைத் தாங்கி ஆடுவதா, விலகுவதா என்று அறிவு தீர்மானிக்கிறது. தாங்குபவன் தான் எதைத் தாங்குகிறான் என்று அறிவான். தலையில் அப்படியன்று. மூளை என்னும் உறுப்புக்குத் தனக்கென வலியுணர்வு கிடையாது. மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் அது குலுங்கும்போது, எந்த அறிவைக் கொண்டு தீர்மானிக்க வேண்டுமோ அதுவே கலங்கிப் போகிறது. நீதிபதியே காயம்பட்டிருக்கும்போது வழக்கை அவரிடமே விடலாமா? 'ஒன்றுமில்லை' என்று கையசைத்த அந்தப் பையன் பொய் சொன்னான் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்நேரத்தில் உண்மை அவனுக்கே தெரியாதிருந்திருக்கலாம். அந்நாட்டு ஆட்டக்காரர்கள் இதை 'மணி அடித்துவிட்டது' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கோவில் மணி ஓசையிலேயே வாழும் நமக்கு அந்தச் சொல் உறுத்துகிறது.

புனித அக்குவினா தோமையார் திடத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர். தாக்குவதைவிடத் தாங்குவதே திடத்தின் தலையாய செயல் என்பது அவர் முடிவு. மறையுரையில் நாம் இதைத்தான் பற்றிக்கொண்டோம். ஆனால் அதே தோமையார் திடத்தை விவேகத்துக்கும் நீதிக்கும் அடுத்த படியில் வைத்தார் என்பதைக் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்து, தேர்வோடு மறந்திருந்தோம். எதற்காகத் தாங்குகிறோம் என்று விவேகம் காட்டினால்தான் அது புண்ணியம். இரண்டாம் நூற்றாண்டில் புனித பொலிக்கார்ப்பு கொல்லப்பட்ட வரலாற்றை எழுதி வைத்தவர்கள், தாமாகவே முன்வந்து பிடிபட்டு, விலங்குகளைக் கண்டதும் உறுதி குலைந்த ஒருவரைக் குறிப்பிட்டு, அவ்வாறு முந்திக்கொள்வதைத் தாங்கள் பாராட்டவில்லை என்று காட்டினர். மறைசாட்சிகளின் குருதியில் வளர்ந்த திருச்சபையே அப்படி நிதானித்ததென்றால், வெள்ளிக்கிழமை ஆட்டமொன்றில் நாம் அவசரப்பட்டதற்கு என்ன சமாதானம் சொல்வது?

லூக் கீக்லி என்பவர் கரோலினா பாந்தர்ஸ் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். இயேசு சபையாரின் பாஸ்டன் கல்லூரியில் பயின்றவர். பலமுறை மூளையதிர்ச்சிக்கு ஆளான பின், 2020 ஜனவரியில், 28ஆம் வயதில் விலகினார். ஆட இன்னமும் ஆசை இருக்கிறது, ஆனால் அது சரியான முடிவாகாது என்ற கருத்தைக் கண்கலங்கித் தெரிவித்தார். கிறிஸ் போர்லண்டு 2015இல், ஒரே பருவம் ஆடிவிட்டு, 24ஆம் வயதில் கோடிகளை விட்டுச் சென்றார். இவர்களைக் கோழைகள் என்றவர்களும் உண்டு. ஆசையையும் புகழையும் எதிர்த்து நிற்பதும் தாங்குதலே என்று நாம் கருதுகிறோம்.

ஆயினும் எல்லாரும் விலகிவிட வேண்டும் என்பாரோடு நாம் சேரவில்லை. கரடுமுரடான உழைப்பில் ஒருவனையொருவன் நம்பக் கற்றுக்கொள்ளும் இளைஞரை நாம் கண்ணால் கண்டோம். ஆபத்தே இல்லாத வாழ்வை எந்தத் தந்தையாலும் பிள்ளைக்கு வாங்கித் தர முடியாது. தேவையில்லாத அடியை நீக்குவது முடியும். டார்ட்மத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ், 2010 முதல், பயிற்சியில் ஒரு மாணவனை மற்றொருவன் இடித்து வீழ்த்துவதை அடியோடு நிறுத்தினார். திண்டுகளையும், பின்னாளில் அக்கல்லூரி மாணவர் உருவாக்கிய நகரும் பொம்மையையும் இடித்துப் பழகச் செய்தார். பிள்ளைகள் மென்மையாகிவிடுவார்கள் என்ற பேச்சு எழுந்தது. 2015இல் அவ்வணி தன் லீக்கின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. மறு ஆண்டு அந்த லீக்கின் பயிற்சியாளர் அனைவரும் அவர் வழிக்கு இசைந்தனர். அதே ஆண்டு, ஆட்டத் தொடக்கத்தில் பந்தை உதைக்கும் கோட்டை ஐந்து கஜம் முன்னால் நகர்த்தினார்கள். அந்த உதையின்போது நேரும் மூளையதிர்ச்சி ஆயிரத்துக்குப் பதினொன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஐந்து கஜம்!

விதி மட்டும் போதுமா என்றால், போதாது. 2022 செப்டம்பரில் மயாமி அணியின் துவா டகோவைலோவா அடிபட்டு எழுந்து தள்ளாடியதை நாடே தொலைக்காட்சியில் கண்டது. முதுகுவலி என்று காரணம் சொல்லி ஆட்டத்தைத் தொடர்ந்தார். நான்கு நாள் கழித்து மீண்டும் அடிபட்டு, விரல்கள் விறைத்துக்கொள்ள, தூக்குப் படுக்கையில் கொண்டு செல்லப்பட்டார். தள்ளாடுபவர் அன்று மீண்டும் ஆடக் கூடாது என்று அடுத்த மாதம் விதி திருத்தப்பட்டது. அச்செய்தியைப் படித்தபோது நம் கண்முன் நின்றது ஒகையோப் பையனின் கால்கள்தாம். அன்று அவை தள்ளாடியதை எத்தனை நூறு பேர் பார்த்தோம்! நாமும் பார்த்தோம். அவனால் தீர்மானிக்க இயலாத அந்த நேரத்தில் அவனுக்காகத் தீர்மானிக்கும் கடமை பயிற்சியாளருக்கும், அருகில் நின்ற தோழனுக்கும், கைதட்டிய நமக்கும் இருந்தது. கூட்டம் முணுமுணுத்தாலும் 'இவனை வெளியே எடுங்கள்' என்று சொல்லும் திடம் அன்று அந்த மைதானத்தில் ஒருவரிடமும் இல்லை.

மறு ஞாயிறு பீடத்திலிருந்து நாம் சொன்னதைத் திருத்திச் சொன்னோம். சற்றுத் தடுமாறித்தான் சொன்னோம். சிலர் முகம் சுளித்தனர், அந்தப் பையன் உட்பட. ஐந்து வாரங்களுக்குப் பிறகு, நாம் ஊர் திரும்பியிருந்தபோது, மருத்துவர் எழுத்து மூலம் அனுமதி தந்து அவன் மீண்டும் ஆடத் தொடங்கியதாக அவன் தாய் மடல் எழுதினார். அனுப்பியது சரியா என்று இன்னமும் தமக்குத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். அவனாகவே இரண்டு முறை களத்தைவிட்டு வெளியே வந்தானாம். ஒன்று தலைவலிக்காக, மற்றொன்று, விசாரித்ததில், வெறும் வயிற்றுவலி.