மகன் சுட்டான், பெற்றோருக்கு ஏன் தண்டனை?

ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருமறை வகுத்த நியதி. அப்படியிருக்க, மகன் செய்த கொலைக்குப் பெற்றோரைச் சிறையிலடைப்பது நீதியாகுமா?

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து ஆக்ஸ்போர்டில் 2021 நவம்பர் 26 அன்று ஒரு தந்தை 15 வயது மகனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினார். மறுநாள் தாய் அவனைச் சுடுபயிற்சிக்கு அழைத்துச் சென்றார். 30-ஆம் தேதி காலை, கணக்குத் தாளில் அவன் துப்பாக்கியும் இரத்தம் சிந்தும் உடலும் வரைந்திருந்ததைக் கண்டு பள்ளிக்கூடத்தார் பெற்றோரை வரவழைத்தார்கள். இருவரும் அவனை வீட்டுக்கு அழைத்துப் போகவுமில்லை. துப்பாக்கி வாங்கிக் கொடுத்ததாக வாய்திறக்கவுமில்லை. சில மணி நேரத்தில் 4 மாணவர்கள் பிணமானார்கள். துப்பாக்கியோடு கொடுக்கப்பட்ட கம்பிப் பூட்டு, உறை பிரிக்கப்படாமலே வீட்டில் கிடந்தது!

மகனுக்கு 2023 டிசம்பரில் விடுதலையில்லா ஆயுள் தண்டனை. பெற்றோர் இருவருக்கும் 2024 ஏப்ரலில் 10 முதல் 15 ஆண்டுச் சிறை.

'கொன்றவன்தான் தண்டனை பெற்றுவிட்டானே!' என்று சிலர் கேட்கலாம். ஃபிக்ஹு கலையிலும் இது பழைய கேள்விதான். உதுமானியர் 1876-இல் தொகுத்து முடித்த மஜல்லா, ஒருவன் பொதுவழியில் தோண்டிய கிணற்றில் இன்னொருவன் பிறர் கால்நடையைத் தள்ளினால், தள்ளியவனே பொறுப்பு என்கிறது. ஆனால் பொருள் நஷ்டத்துக்குச் சொன்ன அந்த விதி இங்கே எப்படிப் பொருந்தும்? இங்கே தள்ளியவன் முன்பின் அறியாதவனா? தன் பராமரிப்பிலுள்ள பிள்ளை. அவனைக் கைப்பிடித்துக் கிணற்றின் விளிம்புக்கு அழைத்து வந்ததும் பெற்றோர்தாமே!

நபி (ஸல்) அவர்கள் உறையில்லாத வாளைக் கைமாற்றுவதையே தடுத்தார்கள். அம்போடு பள்ளிவாசலுக்கோ கடைத்தெருவுக்கோ வருபவர் அதன் முனையைப் பிடித்துக்கொள்ளும்படி பணித்தார்கள். யாருக்கும் காயம் படுவதற்கு முன்பே இந்தக் கட்டளை! ஆக, ஆயுதத்தை அடக்கி வைப்பது வைத்திருப்பவரின் சொந்தக் கடமை. அதில் தவறினால் அந்தச் சுமை அவருடையதே, மகனிடமிருந்து இறங்கியதல்ல.

15 வயது நிரம்பியவன் ஷாபிஈ சட்டப்படி பாலிகு. தன் செயலுக்குத் தானே பதில் சொல்லவேண்டியவன். பெற்றோரின் தண்டனையால் அவனுடையதில் ஒரு நாளும் குறையவில்லை. இதுவே 4 வயதுக் குழந்தையின் கையில் சிக்கியிருந்தால்? அப்போது முழுக் கணக்கும் பெரியவருடையதுதான். பத்தாண்டுச் சிறை அதிகமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு. குற்றமா என்பதில் இல்லை.

சிறுவர் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கவேண்டும் என்ற சட்டம் மிச்சிகனில் 2024 பிப்ரவரியில்தான் அமலுக்கு வந்தது. அந்தப் பூட்டை உறையிலிருந்து எடுக்க, ஒரு தகப்பனுக்கு அதுவரை சட்டம் தேவைப்பட்டதா?