பொதுப்பொருளும் தன்னொழுங்கும்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரை நோக்கிச் செல்லும் வழியில் சமண முனிவராகிய சாரணரைக் கண்டு வணங்கியதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஒற்றர் என்னும் பொருளையும் அகராதிகள் அச்சொல்லுக்குத் தருகின்றன. 'ஸ்கவுட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நிகரான பெயர் வேண்டியபோது நம்மவர் இப்பழஞ்சொல்லையே எடுத்துக்கொண்டனர். பெயர் பழையது, பணி புதியது. அப்பணியில் ஈடுபட்டோர்க்கு நாள்தோறும் எதிர்ப்படும் ஒரு கேள்வியை இங்கே ஆராய விரும்புகிறோம். ஒழுங்கு என்பது யாது? சொன்னதைச் செய்வதா? சொல்லுவார் இல்லாதபோதும் செய்யத்தக்கதைச் செய்வதா?

1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் பிரௌன்சீ என்னும் சிறு தீவில் பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கொண்டு ஒரு முகாம் நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்து வந்த சிறுவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் அதில் இருந்தனர். அவர்களை நான்கு அணிகளாகக் கலந்து பிரித்து, ஒரே கூடாரத்தில் உறங்கவும் ஒரே அடுப்பில் சமைக்கவும் செய்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதி வெளியிட்ட நூலில் சாரணர்க்குரிய சட்டங்களை வகுத்தார். அணித்தலைவர், சாரண ஆசிரியர் ஆகியோரின் கட்டளைக்கு மறுகேள்வியின்றிப் பணிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அவர் படைத்தலைவராக வாழ்ந்தவர். அவ்வாறு எழுதியதில் வியப்பில்லை.

இந்தியாவில் இவ்வியக்கம் தொடக்கத்தில் நம் சிறுவர்க்குக் கதவைத் திறக்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டார். விடுதலைக்குப் பின், 1950 நவம்பர் 7ஆம் நாள், பிரிந்து நின்ற சங்கங்கள் ஒன்றிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. இன்று அவ்வியக்கத்தார் ஏற்கும் சட்டத்தில் ஒன்பது கூறுகள் உள்ளன. ஆறாவது கூறு, சாரணர் ஒழுங்குடையவர் என்றும் பொதுச் சொத்தைக் காக்கத் துணைபுரிபவர் என்றும் ஒரே மூச்சில் கூறுகிறது.

ஒழுங்கையும் பொதுச் சொத்தையும் ஏன் ஒரே கயிற்றில் கட்ட வேண்டும்? நெடுங்காலம் நாங்கள் இதனை எண்ணிப் பார்த்ததில்லை. ஒழுங்கு என்றால் வரிசையில் நிற்பதும் விசில் ஒலிக்கு ஓடிவருவதுமே என்று கருதியிருந்தோம். எங்கள் கருத்தை மாற்றியது ஒரு பழைய கூடாரம்.

கூடாரம் கற்பித்த பாடம்

லிட்டில் அந்தமான் தீவின் துறைமுகமாகிய ஹட் பே, தலைநகருக்குத் தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. போர்ட் பிளேர் என நாம் நெடுங்காலம் வழங்கிய அந்நகர்க்கு 2024இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அங்கிருந்து கப்பல் வந்தால்தான் பலசரக்கும் மருந்தும் துணியும் ஆணியும் வரும். கடல் சீறினால் கப்பல் நின்றுவிடும். தமிழரும் வங்காளியரும் தெலுங்கரும் நிக்கோபாரியரும் ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தோர் வழியினரும் இங்கே ஒரே பள்ளியில் படிக்கின்றனர். அத்தகைய பள்ளியொன்றின் சாரணர் படைக்கு நாங்கள் சிலர் துணைநின்றோம்.

படைக்கென்று இருந்தவை மூன்று கூடாரங்கள், சில சுருள் கயிறு, இரண்டு கைக்கோடரி, ஓர் அரிக்கேன் விளக்கு, ஓர் அண்டா, முதலுதவிப் பெட்டி ஆகியவையே. பெருநிலத்து ஊரில் கயிறு அறுந்தால் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வரலாம். இங்கே கயிறு அறுந்தால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் நிலம் இது. இரும்பில் துருவும் துணியில் பூஞ்சணமும் ஒரு வாரத்தில் ஏறிவிடும்.

ஒரு முகாமின் கடைசி மாலையில் வானம் இருண்டு வந்தது. சிறுவர்களை மழைக்குமுன் வீடு சேர்க்க வேண்டும் என்ற பதற்றம் எங்களுக்கு. கூடாரங்களைச் சுருட்டுமாறு விசில் ஊதினோம். அணித்தலைவனாக இருந்த சிறுவன் ஒருவன் வந்து, "சார், துணி இன்னும் காயவில்லை" என்றான். "சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே" என்று விடையளித்தோம். அவன் செய்தான். பெட்டி பூட்டப்பட்டது, சாவி எங்களிடமே இருந்தது. இரு திங்கள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது ஒரு கூடாரம் முழுவதும் கறுத்து, கை வைத்த இடமெல்லாம் கிழிந்தது.

அன்று நாங்கள் செய்ததை மறைக்க விரும்பவில்லை. படையை வரிசையில் நிறுத்தினோம். ஈரத்தோடு சுருட்டியவன் யார் என்று கேட்டோம். எவரும் வாய் திறக்கவில்லை. பேசாத குற்றத்துக்காக அனைவருக்கும் அடுத்த முகாம் இல்லை என்று தீர்ப்பளித்தோம். ஒருவன் பிழைக்கு அனைவரும் துன்புற்றால் அனைவரும் அவனைத் திருத்துவர் என்பது நாங்கள் கொண்ட நியாயம்.

அந்தச் சிறுவன் ஏன் பேசவில்லை என்பதைச் சில நாள் கழித்து எங்களுள் ஒருவர் அவனிடமே தனியே கேட்டார். "நான் சொன்னால் சார் மேலே பழி வருமே" என்றான் அவன். அப்போதுதான் அந்த மாலை எங்கள் நினைவுக்கு வந்தது. அவன் அறிந்திருந்தான், எச்சரித்தான், பணிந்தான், பிறகு எங்களைக் காக்க மௌனமாகவும் இருந்தான். கட்டளை நிறைவேறியது, கூடாரம் அழிந்தது. பணிவு குறைந்ததால் அன்று பொதுப்பொருள் கெடவில்லை. பணிவு மிகுந்ததால் கெட்டது.

அடுத்த கூட்டத்தில் படை முன்னிலையில் எங்கள் பிழையைக் கூறி, தீர்ப்பைத் திரும்பப் பெற்றோம். பெரியவர் சிறுவர்முன் தாழ்ந்தால் மதிப்புக் கெடும் என்று நண்பர் சிலர் தடுத்தனர். மதிப்புக் கெடவில்லை. ஆயினும் அந்த ஒரு வாரம் அச்சிறுவர்கள் அநியாயமாகத் தலைகுனிந்திருந்தனர் என்பது இன்றும் எங்களை உறுத்துகிறது.

யாருடைய பொருள்?

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பது நம் பழமொழி. அரசன் ஒருவன் வெறுங்குளத்தில் ஆளுக்கொரு குடம் பால் ஊற்றச் சொன்னானாம். மற்றவர் பால் ஊற்றுவர், நாம் ஊற்றும் தண்ணீர் தெரியவா போகிறது என்று ஒவ்வொருவரும் எண்ணினராம். விடிந்து பார்த்தால் குளம் முழுவதும் தண்ணீர். எல்லாருக்கும் உரியது எவருக்கும் உரியதன்று என்னும் மனநிலையை இக்கதை எள்ளி நகையாடுகிறது. ஆனால் மனிதன் எப்போதும் இப்படித்தான் என்று இதிலிருந்து முடிவு செய்வது பிழை.

தமிழகத்தில் ஏரியையும் கால்வாயையும் ஊரார் கூடித் தூர்வாரிக் காத்த குடிமராமத்து முறை பல நூற்றாண்டு நிலவியது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. வழக்கமாக இருந்ததைச் சட்டம் கட்டளையாக்கிற்று. ஆயினும் அந்தக் கட்டளையால் பழைய வழக்கம் தழைக்கவில்லை. ஏரி தம்முடையது என்ற எண்ணம் தளர்ந்தபின் மண்வெட்டியைக் கையில் திணிப்பதால் பெரும்பயன் விளைவதில்லை.

நம் தீவுகளிலேயே வேறொரு சான்றும் உண்டு. கார் நிக்கோபாரியர் மரபில் 'துஹெத்' எனப்படும் கூட்டுக்குடும்பத்துக்கே தென்னந்தோப்பும் பன்றிகளும் உரியவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணப் பணம் தனித்தனிக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டபோது இக்கூட்டுறவு பல இடங்களில் ஆட்டங்கண்டது. பொதுவாக வாழக் கற்றிருந்த மக்களையும் பணம் பிரிக்க வல்லது.

எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அறிஞர் காடு, மீன்வளம், பாசனம் முதலிய பொதுவளங்களை மக்கள் எவ்வாறு காக்கின்றனர் என்பதை ஆராய்ந்து 1990இல் நூலாக்கினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். நெடுநாள் நிலைத்த அமைப்புகளில் சில பொதுக்கூறுகளை அவர் கண்டார். பயன்படுத்துவோரே விதி வகுப்பதில் பங்கு கொள்கின்றனர். அவர்களுக்குப் பொறுப்பானவர்களே கண்காணிக்கின்றனர். தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்கிறது. எங்கள் பெட்டியில் இம்மூன்றும் இல்லை. விதி எங்களுடையது, சாவி எங்களிடம், தண்டனையோ முதல் அடியிலேயே பேரடி.

தண்டமும் திருத்தமும்

சாவியை அணித்தலைவர்களிடம் ஒப்படைத்தோம். பொருட்களை எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஓர் ஏட்டில் எழுதும் பொறுப்பு வாரம் ஓர் அணிக்கு. கயிற்றின் நுனி பிரியாமல் நூலால் சுற்றிக் கட்டுவதும், கோடரியைத் துடைத்து எண்ணெய் தடவுவதும், கூடாரத்தை வெயில் கண்ட அன்றே விரித்துக் காயவைப்பதும் அவர்கள் தாமே வகுத்த விதிகள். ஈரத்துணியைச் சுருட்டச் சொல்பவர் எவராயினும், சாரண ஆசிரியரே ஆயினும், மறுத்துரைக்கலாம் என்ற விதியையும் அவர்கள் சேர்த்தனர். நாங்கள் புன்னகையுடன் கையொப்பமிட்டோம்.

பொருளைத் தொலைத்தவனுக்குத் தண்டம் விதிக்கலாமா என்ற வாதம் எழுந்தது. அணித்தலைவர் மன்றத்தில் கடைக்காரர் மகன் ஒருவன், பணம் கட்டிவிட்டால் போதுமே என்றான். மீனவர் மகன் ஒருவன், உன்னால் கட்ட முடியும், என்னால் முடியாது, ஆகவே நான் தொலைத்தால் மறைத்துவிடுவேன் என்றான். அவ்வளவு தெளிவாக நாங்கள்கூடச் சொல்லியிருக்க முடியாது. இஸ்ரேலில் குழந்தைக் காப்பகங்களில், மாலையில் தாமதமாக வரும் பெற்றோர்க்குத் தண்டம் விதித்தபின் தாமதம் குறையவில்லை, கூடியது என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தண்டம் விலையாகிவிட்டால் மனச்சாட்சி விடுமுறை பெற்றுவிடுகிறது. ஆதலால் கெடுத்தவன் பழுது பார்க்க வேண்டும், தனியே இயலாவிடில் அவன் அணி துணைநிற்க வேண்டும் என்று மன்றம் முடிவு செய்தது. தைத்த கூடாரம் புதுக்கூடாரம் போல் அழகாயிராது. ஆனால் தைத்தவன் அதனை மறுபடி ஈரத்தோடு சுருட்டமாட்டான்.

இதனால் எல்லாம் செம்மையாயிற்று என்று கூறமாட்டோம். அதற்குப் பின்னும் ஒரு கைக்கோடரி காணாமற்போனது, இன்றுவரை கிடைக்கவில்லை. எடுத்தவன் யார் என்பதும் தெரியவில்லை. நம்பிக்கை வைப்பவன் சிலபோது ஏமாறுவான். ஆனால் ஒரு கோடரிக்காக அனைவரையும் கள்வராக நடத்தினால் நாம் இழப்பது கோடரியினும் பெரிது.

பணிவுக்கும் இடமுண்டு

அப்படியாயின் கட்டளைக்கே இடமில்லையா என்று கேட்கலாம். உண்டு. கடலில் படகு சாயும்போதும் காட்டில் தீ பரவும்போதும் வாதம் செய்ய நேரமில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாளின் அலையைக் கண்ட இத்தீவுக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. 'ஓடு' என்ற குரல் கேட்டால் ஓடவே வேண்டும். ஆனால் அக்குரலை நம்பி ஓடுவதற்கான பயிற்சி அமைதி நாட்களிலேயே நடைபெறுகிறது. ஈரக்கூடாரத்தைப் பற்றிய சொல்லைக் கேட்க மறுத்த ஆசிரியரின் குரலை, ஆபத்து நாளில் சிறுவன் எதனால் நம்ப வேண்டும்?

இன்னொன்றையும் எண்ண வேண்டும். இத்தீவின் டியூகாங் கிரீக் பகுதியில் வாழும் ஓங்கே மக்கள் அன்று மேட்டு நிலத்துக்குச் சென்று உயிர் தப்பினர். விசில் ஊத அங்கே எவரும் இருக்கவில்லை. முன்னோர் தந்த அறிவு அவர்களுள் உறைந்திருந்தது, அதுவே கட்டளையாயிற்று. 'தயாராயிரு' என்பது சாரணர் குறிக்கோள். வெளிக்குரலுக்குக் காத்திராமல் உள்ளறிவால் எழுவதே அத்தயார்நிலையின் முழுமை.

இப்போது ஆறாவது கூறு எங்களுக்கு விளங்குகிறது. ஒருவன் நம்முன் எவ்வாறு நிற்கிறான் என்பதைக்கொண்டு அவன் ஒழுங்கை அளக்க முடியாது. எவருக்கும் தனியுரிமை இல்லாத பொருளை, எவரும் பாராத வேளையில், அடுத்து வரப்போகும் முகமறியாத ஒருவனுக்காக அவன் எவ்வாறு வைத்துச் செல்கிறான் என்பதே அளவுகோல். உலகறிவுடையான் செல்வத்துக்கு வள்ளுவர் நீர் நிறைந்த ஊருணியை உவமையாக்கினார். ஊருணியின் சிறப்பு நிறைவில் மட்டும் இல்லை. நீர் மொண்டவர் கரையை மிதித்துக் கெடுக்காமல் செல்வதிலும் உள்ளது.

இது சிறுவர்க்கு மட்டும் உரிய பாடமன்று. எந்தத் தமிழ்ச் சங்கத்துக்கும் ஓர் அண்டாவும் சில ஜமுக்காளங்களும் ஒலிபெருக்கியும் ஓர் அலமாரி நூல்களும் உண்டு. பொங்கல் விழா முடிந்த இரவில் அந்த அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைப்பவர் எவர்? இரவல் பெற்ற நூலைத் திருப்பித் தருவோர் எத்தனை பேர்? மேடையில் பேசியவர் பெயர் மலரில் அச்சாகிறது. அண்டாவைக் கழுவியவர் பெயர் அச்சாவதில்லை. அச்சாகாத அந்தப் பெயர்களால்தான் சங்கம் அடுத்த ஆண்டும் பொங்கல் வைக்கிறது. சிறுவரிடம் ஒழுங்கை எதிர்பார்க்கும் பெரியவர்களாகிய நாம், விழா இரவில் சற்று நேரம் கூடுதலாக நின்று, ஜமுக்காளத்தின் மறுமுனையைப் பிடித்து மடிப்போமாக. ஈரமாக இருந்தால் மட்டும், சிறுவன் ஒருவன் சொன்னாலும் கேட்டு, காயவைத்து மடிப்போமாக.