பாறுக்கு யார் சோறிடுவது?

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு போகும் சாலையில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டியிருக்கிறது திருப்புட்குழி. ராமன் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்கிறது தலபுராணம். கோயில் குளத்துக்கும் ஜடாயுவின் பெயர்தான். பெற்ற தகப்பனுக்குச் செய்ய முடியாததைக் கழுகுக்குச் செய்தான் என்று சொல்லி வைணவர்கள் உருகுவார்கள்.

செத்த பறவைக்கு இவ்வளவு கடமை உண்டென்றால், உயிரோடு இருக்கும் பறவைக்கு?

அதே வட்டாரத்துச் சைவர்களிடம் ஒரு பதில் இருந்தது. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த திருக்கழுக்குன்றத்தில், நண்பகலில் மலைமேல் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருப்பார் பூசை செய்பவர். இரண்டு கழுகுகள் வந்து, தின்றுவிட்டுப் பறக்கும். சாபம் பெற்ற முனிவர்கள் என்று ஊர் நம்பியது. பறவை ஆர்வலர்களுக்கு அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் இறுதியோடு வரத்து நின்றது. பாவம் பெருகிவிட்டது என்றார்கள் பக்தர்கள்.

அதைக் கேட்டுச் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த ஆண்டுகளில்தான் நாடெங்கும் பாறுகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. பாகிஸ்தானில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு காரணத்தைக் கண்டது: மாட்டின் வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் பழுதாகிச் சாகும். இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99-க்கு மேல் போய்விட்டன. தமிழ்நாட்டில் இன்று அவற்றுக்கு முக்கியப் புகலிடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

பொங்கலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது ஒருவேளைச் சோறு. பாறுகள் வயிறு வளர்த்தது ஊர்ப்புறத்தில் செத்துக் கிடந்த மாடுகளால். அங்கே என்ன கலக்கிறது என்று எந்த ஆகமமும் பார்க்கவில்லை, எந்த அரசாங்கமும் நெடுநாள் பார்க்கவில்லை. பறவையைக் கும்பிட்டுக்கொண்டே அதன் தட்டில் நஞ்சிட முடியும் என்பதுதான் இதில் உறுத்துகிறது.

தென்னாப்பிரிக்காவில் பறவையின் தட்டைப் பற்றிய இதே கேள்வி கடலில் எழுந்தது. ஆப்பிரிக்கப் பெங்குவின்களுக்குத் தீவு இருந்தது, தின்ன மத்தியும் நெத்திலியும் போதவில்லை. 2025 மார்ச்சில் அவற்றின் ஆறு வாழிடங்களைச் சுற்றி, அந்த மீன்களை வணிகப் படகுகள் பிடிக்க 10 ஆண்டுத் தடையை நீதிமன்றம் உத்தரவாக்கியது. அங்கே புராணம் எதுவும் தேவைப்படவில்லை.

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை இந்தியா 2006-ல் தடுத்தது. பாறுகளுக்கு ஆகாத வேறு வலிமருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் 2023-ல். அதே வலிக்குப் போடக்கூடிய மெலாக்சிகாம் பாறுகளைக் கொல்வதில்லை. மாடு வைத்திருப்பவர்கள் அடுத்த முறை ஊசி போடும்போது, மருந்தின் பெயரை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.