ஆலங்கட்டிக்கு ஒரு சுவிட்ச்

ஆலங்கட்டி மழை பெய்யட்டும் என்று ஆசைப்படுகிற விவசாயி யாராவது உண்டா? உண்டு. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விவசாயம் பண்ணுகிறவர்கள்.

‘ஃபார்மிங் சிமுலேட்டர்’ என்று ஒரு வீடியோ கேம். சுவிட்சர்லாந்தில் இருக்கும் ஜயண்ட்ஸ் சாஃப்ட்வேர் என்ற கம்பெனியின் தயாரிப்பு. முதல் பதிப்பு வந்தது 2008-ல். இதில் யாரையும் சுட வேண்டாம், யாரையும் முந்த வேண்டாம். டிராக்டரை எடுத்து உழ வேண்டும், விதைக்க வேண்டும், உரம் போட வேண்டும், அறுத்து விற்க வேண்டும். அவ்வளவுதான். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ‘இந்தத் தடவை என்ன புதுசு?’ என்று ரசிகர்கள் துடிக்கிறார்கள்.

2024 நவம்பரில் வந்த பதிப்பில் நெல் சேர்ந்தது. நாற்று நடுகிற மெஷின், வயலில் தண்ணீர் கட்டுவது எல்லாம் உண்டு. எருமையும் ஆடும் வந்தன. மண்ணில் டயர் பதிந்து தடம் விழுந்தது. கூடவே, பயிரை நாசம் செய்கிற ஆலங்கட்டி மழையும் சுழற்காற்றும் வந்தன. அதுவும் புது வசதிகளின் பட்டியலில்! பணம் கொடுத்து வாங்குகிற பொருளில் பயிர் அழிவது ஒரு வசதி.

இது புதுப் பழக்கமும் இல்லை. ஆரம்ப காலத்தில் இந்த விளையாட்டில் பருவம் கிடையாது. எப்போது வேண்டுமானாலும் விதைக்கலாம். ஆடியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களிலேயே சிலர் உட்கார்ந்து, பனிக்காலம், மழைக்காலம் எல்லாம் வருகிற மாதிரி ஒரு கூடுதல் புரோகிராமை எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். அது சக்கைப்போடு போட்டது. 2021-ல் கம்பெனியே பருவங்களை விளையாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே பதிப்பில் இன்னொன்றும் வந்தது: கல். உழுதால் நிலத்திலிருந்து கல் மேலே வரும். பொறுக்காமல் விட்டால் மெஷின் சீக்கிரம் தேயும்.

கல் பொறுக்குவதற்காகவா ஒருத்தன் ராத்திரி பதினோரு மணி வரை கண் விழிக்கிறான்? என் அக்கா மகனிடம் கேட்டேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பகல் பூராவும் கம்ப்யூட்டர், ராத்திரி அதே கம்ப்யூட்டரில் கோதுமை.

“கல்லு இல்லேன்னா போரடிக்கும் மாமா” என்றான்.

இதைப் பற்றி ஒரு தத்துவப் பேராசிரியர் நன்றாக யோசித்திருக்கிறார். பெர்னார்ட் சூட்ஸ் என்று பெயர். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1978-ல் ‘தி கிராஸ்ஹாப்பர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். எறும்பும் வெட்டுக்கிளியும் கதை நமக்குத் தெரியும். எறும்பு உழைக்கும், வெட்டுக்கிளி பாடித் திரிந்து பட்டினி கிடக்கும். சூட்ஸ், வெட்டுக்கிளியின் கட்சி! தேவையே இல்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்றுக்கொண்டு தாண்டப் பார்ப்பதுதான் விளையாட்டு என்பது அவர் வாதத்தின் சாரம். பந்தைக் கையால் எடுத்துப்போய்க் குழியில் போட்டுவிட்டு வரலாம். ஆனால், நீளக் கம்பால்தான் தட்டுவேன் என்று ஒருத்தர் சொன்னால், அது கோல்ஃப்.

இதை இன்னும் இழுத்துக்கொண்டு போகிறார். எல்லாமே தானாகக் கிடைத்துவிடுகிற ஒரு சொர்க்கம் இருந்தால் மனுஷன் என்ன செய்வான்? பழைய வேலைகளையே விளையாட்டாகச் செய்வான் என்கிறார். அவசியமே இல்லாமல் வீடு கட்டுவான். என் அக்கா மகன் கோதுமை போடுகிறானே, அந்த மாதிரி.

இதுவரை எனக்குத் தகராறு இல்லை. பிள்ளைகள் சொப்பு வைத்துச் சமைக்கிறார்கள். அதனால் அடுப்படியில் வேகிற அம்மாவை அவமானப்படுத்தியதாகுமா? ஆகாது. அடுத்தவருடைய உழைப்பை விளையாடிப் பார்ப்பதில் தப்பு இல்லை. கொஞ்சம் மரியாதைகூட வரலாம். மண்ணைச் சோதித்து, எந்த மூலைக்கு எவ்வளவு உரம் என்று கணக்குப் போட வைக்கும் ஒரு இலவச இணைப்பு 2020-ல் இந்த விளையாட்டுக்கு வந்தது. ஐரோப்பிய யூனியன் ஆதரவில் இயங்கும் ‘இ.ஐ.டி. ஃபுட்’ என்ற அமைப்பின் பங்கும் அதில் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பாடம்.

எனக்கு இடறுவது வேறு இடம். கல்லைப் பற்றிச் சொன்ன அதே வாயால் அவன் இன்னொன்றும் சொன்னான். “ஒழுங்கா பிளான் பண்ணினா விவசாயத்துல லாபம் வரும் மாமா. ஏன் எல்லாரும் நஷ்டம் நஷ்டம்னு சொல்றாங்கன்னு தெரியல.”

நான் பி.காம். படித்தவன். காஸ்ட்டிங் பாடத்தில் ‘நார்மல் லாஸ்’, ‘அப்நார்மல் லாஸ்’ என்று இரண்டு உண்டு. பெட்ரோல் ஆவியாகிறது, அரிசியில் தூசி போகிறது, இதெல்லாம் நார்மல். முன்கூட்டியே தெரியும், விலையில் சேர்த்துவிடலாம். குடோன் எரிந்தால் அது அப்நார்மல். அதை எந்த விலையிலும் சேர்க்க முடியாது, நேராக லாப நஷ்டக் கணக்கில் போய் உட்காரும். அக்கா மகனின் பண்ணையில் எல்லா நஷ்டமும் நார்மல்தான். செட்டிங்ஸில் போனால் இயற்கைச் சேதத்துக்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். சேதமே இல்லாமல் காட்சி மட்டும் வரட்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம். களை, கல், எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு சுவிட்ச். கடன் வேண்டுமா? பட்டனை அழுத்தினால் பணம். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அதையும் மீறிக் காற்று அடித்துப் போனால், நேற்று ‘சேவ்’ செய்த இடத்துக்குத் திரும்பலாம்.

நிஜ விவசாயிக்கும் இவனுக்கும் வித்தியாசம் கஷ்டத்தின் அளவில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. சில நாள் இவன்தான் அதிகம் கல் பொறுக்குகிறான். சுவிட்ச் யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம். நிஜத்தில் மழையின் சுவிட்ச் யாரிடமும் இல்லை, சரி. மற்ற பல சுவிட்சுகள் மனுஷர்கள் கையில்தான் இருக்கின்றன. விவசாயி கையில் மட்டும் இல்லை.

டிராக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டில் தேய்ந்துபோன வண்டியை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, பணத்தைக் கட்டி, பட்டனைத் தட்டினால் ரிப்பேர் முடிந்தது. 2018 பதிப்பிலிருந்து ஜான் டீர் டிராக்டர்களும் இதில் உண்டு. அமெரிக்காவில் நிஜமான ஜான் டீர் வைத்திருக்கிற விவசாயியின் கதையைக் கேளுங்கள். வண்டி முழுக்க கம்ப்யூட்டர். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்கிற முழு சாஃப்ட்வேர் அங்கீகரிக்கப்பட்ட டீலர்களிடம் மட்டும்தான் என்பது அங்கே வருஷக்கணக்காக ஓடும் சண்டை. அறுவடை நேரத்தில் வண்டி நின்றால் டீலரின் ஆள் லேப்டாப்போடு வருகிற வரை காத்திருக்க வேண்டும். கொலராடோ மாநிலம் 2023-ல் இதற்காகத் தனிச் சட்டமே போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமே ஜான் டீர் மீது வழக்குப் போட்டது. சொந்தக் காசில் வாங்கிய டிராக்டர், அவர் நிலத்தில்தான் நிற்கிறது, சுவிட்ச் இன்னொருத்தரிடம்.

நடுவில் ஒரு கூத்து. 2022-ல் லாஸ் வேகாஸில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் ‘சிக் கோட்ஸ்’ என்ற புனைபெயர்க்காரர் ஒருவர் ஜான் டீர் டிராக்டரின் திரைக்குள் புகுந்து, அதில் ‘டூம்’ என்ற பழைய வீடியோ கேமை ஓட்டிக் காட்டினார். விளையாட்டுக்குள் டிராக்டர் போனது போய், டிராக்டருக்குள் விளையாட்டு!

விளையாட்டிலும் சுவிட்ச் கை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் உண்டு. 2009-ல் ஃபேஸ்புக்கில் ‘ஃபார்ம்வில்’ வந்தது. விதைத்துவிட்டுச் சரியான நேரத்தில் திரும்பி வராவிட்டால் பயிர் வாடிப்போகும். வாடியதைப் பிழைக்க வைக்கவும் வழி உண்டு, அதற்குக் காசு. 2020 டிசம்பர் 31-ம் தேதி கம்பெனி கடையைக் கட்டியது. எல்லோருடைய நிலமும் அதோடு போச்சு.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் நான் சொல்லவில்லை. பிரசங்கம் பண்ணினால் அடுத்த முறை வீட்டுக்கு வர மாட்டான். அவனாகவே ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். நண்பர்கள் நாலு பேர் ஒரே பண்ணையில் சேர்ந்து ஆடுகிறார்களாம். அப்படி ஆடும்போது செட்டிங்ஸை மாற்றும் உரிமை ஒருத்தனிடம் மட்டும்தான் இருக்கும். அவன் யாரையும் கேட்காமல் சேதத்துக்கான சுவிட்சைப் போட்டுவிட்டான். அறுவடைக்குத் தயாரான சோயா போச்சு.

“எவ்வளவோ சொன்னேன், கேக்கல மாமா.”

“அப்புறம்?”

“நாங்க மூணு பேரும் வேலை நிறுத்தம். சாயங்காலம் பேச்சுவார்த்தைக்கு வர்றானாம்.”