நண்பனை இழந்தவனின் விசுவாசம்

மனிதனுக்கு வாய்க்கும் உறவுகளுள் பெரும்பாலானவை அவன் கேளாமலே வருவன. தாய் தந்தையரை அவன் தேர்ந்துகொள்வதில்லை, உடன்பிறந்தாரையும் தேர்ந்துகொள்வதில்லை. தானே தேடி, தானே தேர்ந்து, தானே காத்துக்கொள்ளும் உறவு நட்பு. அதனாலன்றோ வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அதற்கு ஒதுக்கினார்!

ஆயினும் அந்த உறவு முறியும்போது உலகம் அதற்குத் தரும் இடம் மிகச் சிறிது. தந்தை இறந்தால் மகனுக்குக் கடமைகள் உண்டு. கணவன் இறந்தால் மனைவிக்குத் துக்க நாள்கள் உண்டு. நண்பன் இறந்தால் எஞ்சியவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டு, மறுநாள் வேலைக்குப் போகவேண்டியவனாகிறான். அலுவலகத்தில் நாம் நிரப்பும் குடும்ப விவரப் படிவத்தில் நண்பனுக்கென்று ஒரு கட்டமில்லை.

அவன் கிறிஸ்தவனாகவும் இருந்துவிட்டால் அத்துயரத்தின் மேல் மற்றொரு சுமையும் ஏறுகிறது. “உயிர்த்தெழுதலை நம்புகிறவன் இப்படி அழலாமா?” என்று பிறர் கேட்பர். பிறர் கேளாவிடினும் அவன் மனமே கேட்கும். விசுவாசத்தை விடாமல் துக்கப்படுவது எப்படி? துக்கத்தை மறைக்காமல் விசுவாசிப்பது எப்படி? இவ்விரு வினாக்களும் ஒன்றே என்பது என் எண்ணம். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மலையடியில் ஒரு நட்பு

சித்தூரும் திருப்பதியும் 1911ஆம் ஆண்டு வரை வடஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அவ்வாண்டில் சித்தூர் மாவட்டம் பிறந்தது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி அதினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் இங்கு வாழும் மக்கள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவது மாறவில்லை. பல சமயத்தார் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வதும் மாறவில்லை. ஆழ்வார்கள் பாடிய வேங்கடத்தின் அடிவாரத்திலேயே ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் ஒரு பள்ளியை நடத்தியது. பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரான டாக்டர் இராதாகிருஷ்ணன், 1896 முதல் 1900 வரை அங்கே பயின்றவர். சித்தூரில் அமெரிக்க ஆர்க்காடு மிஷன் பணியாற்றியது. ஆகவே, ஒரு கிறிஸ்தவனுக்கு வைணவன் உயிர்த்தோழனாக வாய்ப்பது இம்மண்ணில் வியப்பன்று.

எனக்கு வாய்த்தவர் அத்தகையவர். ஒரே அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகள் அடுத்தடுத்த மேசையில் அமர்ந்திருந்தோம். என்னினும் ஏழாண்டு மூத்தவர். நான் ‘அண்ணா’ என்பேன், அவர் ‘தம்பி’ என்பார். ஒவ்வோர் ஆண்டும் திருமலைக்கு நடந்தே ஏறிவிட்டு வந்து, அலுவலகத்தார் அனைவருக்கும் லட்டுப் பிரசாதம் வழங்குவார். எனக்கு மட்டும் கடையில் வாங்கிய இனிப்பைத் தனிப் பொட்டலமாக வைத்திருப்பார். அதனைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என் மனச்சான்றுக்கு ஒரு சங்கடமும் நேரக்கூடாது என்று அவர் தாமே எண்ணிச் செய்தது அது. பிறன் நம்பிக்கையைத் தான் ஏற்காமலே மதிக்கும் பண்பிற்கு இதனினும் சிறந்த பாடத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

அவர் நோயுற்று ஐந்து வாரங்களில் மறைந்தார். அவரது பணிப்பதிவேட்டில் இறுதிப் பதிவை எழுதும் வேலை என் மேசைக்கே வந்தது. அவ்வொரு வரியை எழுதி முடிக்க எனக்கு ஒரு முற்பகல் முழுதும் தேவைப்பட்டது.

அழுகை அவிசுவாசமா?

முதல் வினா இது. இதற்கு விடை காண யோவான் சுவிசேஷத்தின் பதினோராம் அதிகாரத்தை நாடுவோம். லாசரு என்பவன் இயேசுவின் நண்பன். அவன் நோயுற்ற செய்தி எட்டியும் அவர் இரண்டு நாள் தங்கியே புறப்படுகிறார். அவர் பெத்தானியாவை அடையும்போது லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாள்களாகிவிட்டன. அங்கே அவனுடைய சகோதரி மரியாளும் உடன் வந்தவர்களும் அழுவதைக் கண்டு அவரும் கண்ணீர் சிந்துகிறார்.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. லாசருவைத் தாம் எழுப்பப்போவது அவருக்குத் தெரியும். சீடரிடம் அதனை முன்னரே குறிப்பாகச் சொல்லியும் இருக்கிறார். இன்னும் சிறிது நேரத்தில் நண்பனை உயிரோடு காணப்போகிறவர் அழுவானேன்? நம்பிக்கை இருந்தால் கண்ணீர் வாராது என்பது உண்மையாயின், அன்று அங்கே அழுதிருக்கக்கூடாதவர் அவர் ஒருவரே. அவரே அழுதார். ஆகவே, கண்ணீர் நம்பிக்கையின் குறைவைக் காட்டுவதன்று. அன்பின் அளவைக் காட்டுவது. நாளை கூடுவோம் என்பது, இன்று பிரிந்தோம் என்பதைப் பொய்யாக்கிவிடாது.

இவ்வுண்மையைக் கற்கப் பேரறிஞர்க்கும் காலம் பிடித்தது. புனித அகஸ்தீனார் இளமையில், தம் ஊராகிய தகாஸ்தேயில், உயிரனைய நண்பன் ஒருவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அப்போது அவர் கிறிஸ்தவத் திருமுழுக்குப் பெறாதவர். ஊரே இருண்டதென உணர்ந்து, நண்பனை நினைவூட்டும் இடங்களில் இருக்கமாட்டாமல் கார்த்தேஜ் நகருக்குப் பெயர்ந்தார். பின்னர், 387ஆம் ஆண்டில், திருமுழுக்குப் பெற்ற சில மாதங்களில், ஓஸ்தியா துறைமுகத்தில் தாயார் மோனிக்கா இறந்தார். இம்முறை அவர் அழுகையை அடக்கிக்கொண்டார். வாய்விட்டு அழுத தம் இளமகனும் அமைதிப்படுத்தப்பட்டான். விசுவாசியின் வீட்டுச் சாவுக்கு ஒப்பாரி பொருந்தாது என்பது அன்று அவர் கருத்து. ஆனால், அடக்கம் முடிந்து, ஓர் இரவு உறங்கி எழுந்தபின், தனிமையில் கடவுளின் முன் அணை உடைந்ததுபோல் அழுதார். அவ்விரு துயரங்களையும் தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலில் அவரே வரைந்து வைத்துள்ளார். முதலில் அவர் அழுதபோது அழுகைக்கு ஒரு சாய்விடம் இல்லை. இறுதியில் அழுதபோது இருந்தது. விசுவாசம் அவருடைய கண்ணீரைத் துடைத்துவிடவில்லை. அக்கண்ணீர் யார் முன் சிந்தத்தக்கது என்பதைக் காட்டியது.

ஏன் என்று கேட்பது குற்றமா?

இரண்டாவது வினா முன்னதினும் கடியது. அழுவதோடு நில்லாமல், ‘ஏன் இப்படிச் செய்தீர்?’ என்று கடவுளையே மனம் கேட்கிறது. இது நிந்தனை ஆகாதோ?

மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து இயேசுவிடம் கூறியது ஒரே முறையீடுதான்: நீர் இங்கிருந்திருந்தால் எங்கள் சகோதரன் இறந்திருக்கமாட்டானே என்பது அது. அதில் நம்பிக்கையும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை. யோபின் கதையும் இதனையே கூறும். அவனைக் காண வந்த மூன்று நண்பர்களும் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் அவனோடு அமர்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களே! வாய் திறந்து, கடவுளின் செயலுக்கு நியாயம் கற்பிக்கத் தொடங்கியபோதுதான் அவனுக்குப் பாரமானார்கள். நூலின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது, தமக்காக வாதாடிய அவர்களையே. தம்மோடு வழக்காடிய யோபை அன்று.

சங்கீதங்களிலும் முறையீடுகள் பல. அவற்றுள் எண்பத்தெட்டாவது சங்கீதம் ஆறுதல் ஏதுமின்றி இருளிலேயே முடிகிறது. அதனைத் தொகுத்தோர் நீக்கிவிடவில்லை. வழிபாட்டு நூலிலேயே வைத்துக் காத்தனர். வழக்காடுவதற்கு எதிரே ஒருவர் இருக்கவேண்டும். இல்லாத ஒருவரோடு எவரும் சண்டையிடுவதில்லை. ‘ஏன்?’ என்று மேல் நோக்கிக் கேட்பவன் விசுவாசத்தை இழந்தவன் அல்லன். அதன் உள்ளே நின்றே கேட்கிறான்.

ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம். ‘தேவ சித்தம்’ என்பது துயருற்றவன் நெடுநாள் போராடித் தானே வந்தடைய வேண்டிய சொல். மூன்றாம் நாளே பிறர் அதனை அவன் கையில் திணிப்பது ஆறுதல் ஆகாது.

வேறு சமயத்து நண்பன்

மூன்றாவது வினாவே என்னைப் பெரிதும் வருத்தியது. என் நண்பர் என் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். சபையில் நல்லெண்ணமுடைய ஒருவர் என் தோளைத் தொட்டு, “அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லையே!” என்று இரங்கினார். இரக்கத்தோடு சொன்ன அச்சொல்லே மரணத்தினும் கூரியதாக இருந்தது.

இதில் எனக்கு வழிகாட்டியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அவர் உறுதியான கத்தோலிக்கர். அவருடைய ஆருயிர் நண்பரோ திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பழுத்த சைவர். நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் ‘குளத்தூர்க் கோவை’ பாடிய அன்பு மகாவித்துவானுடையது. மகாவித்துவான் 1876ஆம் ஆண்டு பிப்ரவரியில் மறைந்தார். வேதநாயகம் பிள்ளை அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். அவர் தம் கிறிஸ்தவத்தைக் கைவிட்டாரா? இல்லை. நண்பரின் சமயத்தை வெறுத்தாரா? அதுவும் இல்லை. 1878இல் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யை வெளியிட்டார். நண்பர் மறைந்த ஆண்டிலேயே தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் பசித்தோர்க்குத் தம் பொருளை வாரி வழங்கினார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவ்வள்ளன்மையைப் போற்றிப் பாடினார். தன் நம்பிக்கையில் உறுதியும் பிறன்பால் அன்பும் ஒரே நெஞ்சில் குடியிருக்கும் என்பதற்கு அவ்வாழ்வு சான்று.

கிறிஸ்தவ உலகமும் இதனை எண்ணாமல் இல்லை. சுவிசேஷத்தை அறியாதிருந்தும் நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ முயல்வோரும் மீட்படையக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. இப்பொருளில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்க்க நான் இறையியல் கற்றவன் அல்லன். எனக்குத் தெளிவானது இது ஒன்றே. தீர்ப்பு என் கையில் இல்லை. அது, சோதோமுக்காக ஆபிரகாம் பரிந்து பேசியபோது பொறுமையோடு கேட்ட நீதிபதியின் கையில் இருக்கிறது. நான் என் நண்பரை நேசித்ததைக் காட்டிலும் அவரை உண்டாக்கியவர் குறைவாக நேசிப்பார் என்று நினைப்பதற்கு என் விசுவாசம் இடம் தரவில்லை.

பதின்மூன்றாம் நாள் கழிந்து, குடும்ப ஓய்வூதியத் தாள்களில் கையொப்பம் பெற அவர் வீட்டுக்குச் சென்றேன். எல்லாம் முடிந்தபின் அண்ணியார், “தம்பி, உங்க ஜெபத்துல அவர் பேரையும் சொல்லுவீங்களா?” என்று கேட்டார். இறந்தோர்க்காக வேண்டுவது எங்கள் சபையின் வழக்கமன்று. ஆயினும் நன்றி செலுத்துவதற்குத் தடையேது? “சொல்றேன் அண்ணி” என்றேன். அன்றிரவு, அவரை எனக்குத் தந்ததற்காக, அவர் பெயரைச் சொல்லிக் கடவுளுக்கு நன்றி கூறினேன். அவர் மறைந்தபின் என் வாயிலிருந்து முழுமையாக வந்த முதல் ஜெபம் அதுவே.

பற்றிக்கொள்வது என்பது

பாரி மாண்டபோது கபிலருக்கும் உடன் மாயவே விருப்பம். பாரியோ அவரை இருக்கப் பணித்துச் சென்றான் என்பதைப் புறநானூறு உணர்த்துகிறது. கபிலர் இருந்தார், பாரி மகளிரை அழைத்துக்கொண்டு, அவர்களுக்கு வாழ்வு தேடி அரசர் வாயில்களில் நின்றார், கடமையைச் செய்தபின் தாமும் உயிர் நீத்தார் என்பது மரபு. கிறிஸ்தவனுக்கு அந்த இறுதி வழி இல்லை. உயிர் அவனுடையதன்று, தந்தவர் கேட்கும்வரை அவன் இருந்தாகவேண்டும். ஆனால், கபிலரின் இடைப்பட்ட வழி அவனுக்கும் உரியது. நண்பனின் மக்கள் படிக்கவேண்டும். அவன் வீட்டுக்கு வரவேண்டிய தொகை காலத்தே வரவேண்டும். அவன் பெயர் அவ்வீட்டில் அன்போடு பேசப்படவேண்டும். துயரத்துக்குக் கைகால் முளைத்தால் அது தொண்டாகிறது.

விசுவாசத்தைப் பற்றிக்கொள்வது என்பதும் இத்தகையதே. ஐயமே எழாத உள்ளத்தைப் பெற்றுவிடுவதன்று அது. அலிபிரியிலிருந்து மலை ஏறுவோரைக் கண்டிருப்பீர்கள். முன்னே செல்பவர் படிகளின் வளைவில் மறைவார். பின்னே வருபவருக்கு அவர் முதுகும் தெரியாது, குரலும் கேட்காது. வளைவுக்கு அப்பால் உள்ளதைக் கண்டுவிட்டதாகக் கூறுவது விசுவாசமன்று. ஓய்ந்து அமர்ந்து அழவேண்டிய இடத்தில் அமர்ந்து அழுவதும், பின் எழுந்து அடுத்த படியில் கால் வைப்பதும் விசுவாசமே. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டு வாராத நாளில், பாடுவோரிடையே வாய்மூடி நிற்பதும் விசுவாசமே.

ஆகவே, நண்பனை இழந்த அன்பர் எவரேனும் இதனைப் படிப்பாராயின், அவருக்குச் சொல்ல விரும்புவது இதுதான்: அழுங்கள், கேட்கவேண்டியதைக் கடவுளிடமே கேளுங்கள், தீர்ப்பை அவரிடமே விட்டுவிடுங்கள், நண்பன் விட்டுச்சென்ற வேலைகளில் உங்களால் இயன்ற ஒன்றை எடுத்துச் செய்யுங்கள். பெத்தானியாவில் அழுதவர் உங்கள் கண்ணீரைக் கண்டு நாணமாட்டார்.