தழும்பைச் சரிசெய்வது படைப்பை மாற்றுவதா?



சமைக்கும்போது விறகடுப்பில் தீப்பற்றி, கழுத்துத் தோல் சுருங்கி, தலையை நிமிர்த்த முடியாமல் போன ஒரு பெண்பிள்ளை. கல்வராயன் மலையடிவாரத்துக் குடும்பம். "ஆபரேஷன் செய்தால் படைப்பை மாற்றிய பாவம் வருமா ஹஜ்ரத்?" என்று தகப்பனார் கேட்டார். நான் கிதாபைத் திறக்காமலே, "ஸப்ரு செய்யுங்கள்" என்றேன். இரண்டு வருடம் அவர்கள் காத்திருந்தார்கள். அந்த இரண்டு வருடத்துக்கு நாளை நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குக் குலாப் போரில் மூக்கு அறுபட்டது. வெள்ளியில் மூக்கு செய்து வைத்தார்கள், அது நாறியது. தங்கத்தில் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதீ). ஆண்களுக்கு ஹராமான தங்கம்! நாற்றத்தைப் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை, பாருங்கள்.

அப்படியானால் சபிக்கப்பட்டவர்கள் யார்? பச்சை குத்துபவர்கள், பல்லை ராவி இடைவெளி உண்டாக்குபவர்கள்: குறையில்லாத உடம்பை அழகுக்காக மாற்றுபவர்கள். தீயிலும் விபத்திலும் வந்த குறையைச் சரிசெய்யலாம் என்று 2007-ல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் தீர்மானித்தது.

வெறும் நிறமும் மேடும்தான் என்றால், தழும்பு முதிர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். டாக்டர்கள் பெரும்பாலும் காத்திருக்கச் சொல்வார்கள். கழுத்தையோ இமையையோ இழுத்துப் பிடித்தால் காத்திருக்கக் கூடாது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னை கீழ்ப்பாக்கத்துக்கோ எழுதிக் கொடுப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப் போய்க் கேளுங்கள்.

தோல் ஒட்டி வீட்டுக்கு வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் போடாவிட்டால் தோல் மறுபடி சுருங்கும். இறுக்கமான உறை கொடுத்தால், குளிக்கும் நேரம் போக நாள் முழுக்க அணிய வேண்டும். சிலிக்கான் தாள், தினமும் தைலம் தடவி நீவுதல், வெயில் படாமல் மூடுதல், எல்லாம் வேண்டும். இவ்வளவு செய்தும் தழும்பு அடியோடு மறையாது, மங்கும், இளகும்.

ஒளூவுக்கு என்ன செய்வது? கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவ வேண்டும். கழற்றக் கூடாத கட்டு என்றால் அதன்மேல் மஸ்ஹு. ஷாஃபிஈ மத்ஹபில் தயம்மும் சேரும்.

அந்தப் பிள்ளைக்கு அறுவை முடிந்துவிட்டது. பட்டை இன்னும் கழுத்தில் இருக்கிறது. அல்லாஹ் முழு ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன்.